நின்ற இடத்தில் குளிராத வண்டி

மார்ச் 9

குட்டிக்கு அக்கா எழுதுவது. நான் நலம். நீயும் நலமாகத்தான் இருப்பாய், உன் ஷோரூமில் ஏ.சி. நன்றாக ஓடுமே.

போன் செய்யாமல் ஏன் கடிதம் என்று யோசிப்பாய். போனில் உன்னிடம் பேசி ஜெயிக்க என்னால் ஆகாது. காலையிலிருந்து மாலை வரை கார் விற்கிற வாய் அது. நான் சண்டை போட ஆரம்பித்தால் நீ சிரித்துச் சமாளித்து, கடைசியில் நானே "சரி விடும்மா" என்று வைத்துவிடுகிறேன். காகிதத்தில் நீ குறுக்கே பேச முடியாது. உட்கார்ந்து முழுசாகப் படி.

நேற்று மதியம் உன் அத்தானைப் புது வண்டியில் ஏற்றிக்கொண்டு ஃபாக்டரி வரை ஒத்திகை பார்க்கக் கிளம்பினேன். போகும்போது நன்றாகத்தான் இருந்தது. "பரவாயில்லையே, ஜில்லுனு இருக்கே" என்று நான்தான் சொன்னேன், அவர் ஜன்னலையே பார்த்துக்கொண்டு வந்தார். மேம்பாலத்துக்குக் கீழே சிக்னலில் வண்டிகள் அடைத்துக்கொண்டு நின்றன. நின்ற கொஞ்ச நேரத்தில் ஏ.சி. துவாரத்திலிருந்து வெதுவெதுப்பாகக் காற்று வந்தது. அப்புறம் சூடாகவே வந்தது. உன் அத்தான் முகம் செங்கல் நிறத்துக்குப் போய், கண் செருகிவிட்டது. நான் கதவைத் திறந்து போட்டுக் கத்த, எதிரே டயர் கடைக்காரர் பஞ்சர் பார்க்கிற தொட்டியிலிருந்து வாளியில் மொண்டு ஓடிவந்து அவர் தலையில் ஊற்றினார். பின்னால் நின்றவன் ஹார்ன் அடித்துக்கொண்டே இருந்தான். நடு ரோட்டில் சட்டை நனைந்து, ஒட்டுப் போட்ட தோலெல்லாம் தெரிய உட்கார்ந்திருந்தார். வீட்டுக்கு வருகிறவர்கள் முன்னால்கூட முழுக்கைச் சட்டையைக் கழற்றாத மனிதர்.

உனக்குத் தெரியாதா? பாய்லர் விபத்துக்கு அப்புறம் அவருக்கு முதுகு, மார்பு, இரண்டு கை எல்லாம் ஒட்டவைத்த தோல். அது வியர்க்காது. வியர்க்காத உடம்பில் சூடு வெளியே போக வழியில்லை, உள்ளேயே நின்று கொதிக்கும். அதனால்தானே ஒன்றரை வருஷமாக ஏ.சி. போட்ட ஒரே அறையில் கிடக்கிறார்? ஃபாக்டரியில் ஸ்டோர் ஆபீசில் உட்கார்ந்து பார்க்கிற வேலை வைத்திருக்கிறார்கள். ஜூன் முடிவதற்குள் வந்து சேர வேண்டும், இல்லையென்றால் வேறு ஆள் போட்டுவிடுவார்கள். அவர் மறுபடி மனுஷனாக வெளியே போய்வர அது ஒன்றுதான் வழி. அதற்குத்தான் கார்.

டாப் மாடலுக்கும் நடு மாடலுக்கும் நடுவில் என் ஒரு வருஷச் சம்பளம் இருக்கிறது. இருந்தும் கடனை உடனை வாங்கி டாப் எடுத்துவிடுகிறேன் என்றுதான் நான் இருந்தேன். "வேண்டாம்க்கா, நடு மாடலே அத்தானுக்குத் தாராளம்" என்று தடுத்தது யார்? எது தாராளம்? எனக்கு விளக்கமாக எழுது.

உடம்பைப் பார்த்துக்கொள். பதில் போடு. பதில் என்றால் பதில், விளம்பரம் அல்ல.

அக்கா

&nbsp;

மார்ச் 21

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். அத்தான் இப்போது எப்படி இருக்கிறார்? உன் கடிதம் படித்ததிலிருந்து சாப்பாடு இறங்கவில்லை. டாக்டரிடம் காட்டினாயா?

ஏ.சி. விஷயம். வண்டியை எடுத்ததும் முதலில் ஜன்னல்களை இறக்கி உள்ளே இருக்கிற சூட்டை வெளியே விடு. அப்புறம் மூடிவிட்டு, வெளிக்காற்றை உள்ளே விடாத பட்டனை அழுத்திவிடு. ஃபேனை மூன்றில் வை. நிழலில் நிறுத்து. சின்ன எஞ்சின் என்பதால், வண்டி நிற்கும்போது எஞ்சின் மெதுவாகச் சுற்றும், ஏ.சி.யைக் குளிர வைக்கிற கம்ப்ரஸரும் அதோடு மெதுவாகச் சுற்றும். குளிர் கொஞ்சம் குறைவதுபோலத் தெரியும். சர்வீஸ் சென்டரில் ஏ.சி. கேஸ் சரியாக இருக்கிறதா என்று பார்க்கச் சொல். மைலேஜில் இந்த மாடலை அடித்துக்கொள்ள வேறு வண்டி இல்லை.

அக்கா, மதிய நேரத்தில் அத்தானை வெளியே அழைத்துப் போகாதே. கொஞ்ச நாள் போகட்டும். ஃபாக்டரிக்கு என்ன அவசரம்?

அத்தான் என்ன சொல்கிறார்? நீ நினைப்பதை அல்ல, அவர் வாயால் என்ன சொன்னார் என்று எழுது. நான் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
குட்டி

&nbsp;

ஏப்ரல் 3

குட்டிக்கு,

நலம். விளம்பரம் வேண்டாம் என்று எழுதினேன், நீ மைலேஜ் எழுதியிருக்கிறாய்.

நீ சொன்னதெல்லாம் செய்தேன். ஜன்னலை இறக்கினேன், ஏற்றினேன், பட்டனை அமுக்கினேன், ஃபேனை மூன்றில் வைத்தேன். வண்டிக்குப் பூஜை போடாததுதான் பாக்கி. எங்கள் மருந்துக்கடையில் ஊசிமருந்து ஃப்ரிட்ஜுக்கு வைத்திருக்கிற தெர்மாமீட்டரை முதலாளியிடம் கேட்டு வாங்கிவந்து கண்ணாடிக்குப் பக்கத்தில் தொங்கவிட்டிருக்கிறேன். அவரை ஏற்றாமல் நான் தனியாகவே மதியத்தில் ஓட்டிப் பார்த்தேன். ஓடும்போது முள் இறங்குகிறது. சிக்னலில் நின்றால் விறுவிறுவென்று ஏறுகிறது. இந்த ஊரில் ஓடுகிற நேரத்தைவிட நிற்கிற நேரம்தான் அதிகம்.

சர்வீஸ் சென்டருக்குப் போனேன். டை கட்டிய ஒரு பையன் ஏ.சி. முன்னால் கையை வைத்துப் பார்த்துவிட்டு "நார்மல் மேடம்" என்றான்.

"எதுப்பா நார்மல்?"

"இந்த மாடலுக்கு இது நார்மல் மேடம்."

"மனுஷன் மயங்கி விழறது நார்மலா?"

"அது கஸ்டமரைப் பொறுத்தது மேடம்."

எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்த டையைப் பிடித்து இழுத்திருப்பேன். மேனேஜர் வந்து டீ கொடுத்துச் சமாதானம் செய்தார். டீயும் நார்மலாகத்தான் இருந்தது.

அங்கே காத்திருந்த ஒருவர்தான் விஷயத்தைச் சொன்னார். டாப் மாடலில் பெரிய கம்ப்ரஸராம், வெயிலைத் தடுக்கிற கண்ணாடியாம். விலைப் பட்டியலில் மூன்று மாடலுக்கும் "ஏ.சி. உண்டு" என்று ஒரே டிக் அடித்து வைத்திருக்கிறீர்களே, அந்த டிக்குக்குள் இவ்வளவு வித்தியாசமா? ரோட்டில் போகிற ஆளுக்குத் தெரிந்தது அந்த வண்டியையே விற்கிற உனக்குத் தெரியாதா? இல்லை, நடு மாடலைத் தள்ளினால் உனக்கு மாச டார்கெட்டில் கூடுதலாக ஏதாவது விழுமா? என் தலையில்தான் மிளகாய் அரைக்க வேண்டுமா?

உன் அத்தான் என்ன சொன்னார் என்று கேட்டாய். "அவளை ஏன் திட்டுற? நானும் சரின்னு சொல்லித்தானே வாங்கினோம்" என்றார். உன்மேல் அவருக்கு எப்போதும் பாசம் அதிகம். நீதான் அதைக் காப்பாற்றவில்லை.

நேரத்துக்குச் சாப்பிடு. பதில் போடு.

அக்கா

&nbsp;

ஏப்ரல் 27

அக்காவுக்கு,

நான் நலம். நீங்கள் இருவரும் நலமாக இருக்க வேண்டும்.

எனக்கு இதில் ஒரு கமிஷனும் இல்லை. நீ வண்டி எடுத்தது உங்கள் ஊர் ஷோரூமில், அந்தக் கணக்கு அவர்களுக்கு. இது ஒன்றை மட்டும் நம்பு.

வேறு எதுவும் எழுத வரவில்லை. அத்தானைப் பார்த்துக்கொள்.

குட்டி

&nbsp;

மே 7

குட்டிக்கு,

உடம்புக்கு ஒன்றுமில்லை, மனசுதான் எரிகிறது.

ஏப்ரல் ஆரம்பத்தில் கேட்டதற்கு மாசக் கடைசியில் நாலு வரி எழுதுகிறாய். அதிலும் கேட்டதற்குப் பதில் இல்லை. சரி, நானே கண்டுபிடித்துக்கொள்கிறேன் என்று நேற்று எங்கள் ஊர் ஷோரூமுக்கு வாங்குகிறவள் மாதிரிப் போனேன். டாப் மாடலுக்கு மாற்றிக்கொள்ள எவ்வளவு ஆகும் என்று கேட்கலாம் என்றுதான் போனேன். அந்தத் தொகையைக் கேட்டதும் எனக்கே ஏ.சி. தேவைப்பட்டது. அது போகட்டும்.

விற்பனைக்காரர் "இப்பத்தான் மேடம், வெயில்ல யார்டுல நின்ன வண்டிய உங்களுக்காக எடுத்துட்டு வரோம்" என்று ஒரு டாப் மாடலை வாசலில் கொண்டுவந்து நிறுத்தினார். ஏறி உட்கார்ந்தேன். மருந்து ஃப்ரிட்ஜுக்குள் தலையை விட்ட மாதிரி இருந்தது. ஒரு நிமிஷம் ஏமாந்தே போனேன். இறங்கும்போதுதான் வண்டி வந்த வழியைத் திரும்பிப் பார்த்தேன். அது முன்னே நின்றிருந்த நிழலில், சிமெண்டுத் தரையில் குட்டையாகத் தண்ணீர். ஏ.சி. சொட்டிய தண்ணீர். ஒரு நிமிஷத்தில் சொட்டுகிற தண்ணீரா அது?

"எவ்வளவு நேரமா ஓடிக்கிட்டிருந்தது இந்த வண்டி?" என்று நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டேன். மனுஷன் தலையைச் சொறிந்தார். அப்புறம் சொன்னார்: "எல்லா ஷோரூம்லயும் இப்படித்தான் மேடம். கஸ்டமர் வரதுக்கு முன்னாடியே குளிர வெச்சிடுவோம். வெயில்ல நின்ன வண்டியில யாரு ஏறுவாங்க?"

"நான் ஏறறேன். கொண்டு வாங்க" என்றேன். கொண்டுவரவில்லை. அங்கே மாப்பிள்ளை பார்ப்பது போல வண்டி பார்த்துக்கொண்டிருந்த ஒரு குடும்பத்திடம் போய், "குளிர வெச்ச வண்டியில உக்காராதீங்க, வெயில்ல நின்ன வண்டியக் கேளுங்க" என்று சொல்லிவிட்டு வந்தேன். வாட்ச்மேனை விட்டு என்னை வெளியே அனுப்பாத குறைதான்.

எல்லா ஷோரூமிலும் என்றால் உன் ஷோரூமிலும்தானே? தினம் காலையில் நீயும் இதைத்தான் செய்கிறாயா? அப்படிக் குளிர வைத்த வண்டியில் ஏறி உட்கார்ந்துதான் என் புருஷனுக்கு "தாராளம்" என்று சொன்னாயா? ஆம், இல்லை, இரண்டில் ஒன்று எழுது. பூசி மெழுகாதே.

அக்கா

&nbsp;

மே 18

அக்காவுக்கு,

நான் நலம். அத்தான் நலமா?

ஆமாம். நாங்களும் குளிர வைக்கிறோம். காலையில் கடை திறந்ததும் என் முதல் வேலை அதுதான். டெமோ வண்டிகளை நிழலில் வரிசையாக நிறுத்தி, ஏ.சி. போட்டுவிட்டு, கீழே சொட்டுகிற தண்ணீரைத் துடைக்க ஆளையும் விட்டுவிடுவேன். உங்கள் ஊரில் துடைக்க மறந்துவிட்டார்கள் போலிருக்கிறது. இதைப் பெருமைக்கு எழுதவில்லை. நீ கேட்டாய், எழுதுகிறேன்.

ஆனால் அத்தானுக்கு நான் வண்டி பார்த்தது அப்படி இல்லை. ஷோரூமுக்கு லீவு விட்ட நாளில், யார்டில் வெயிலில் கிடந்த நடு மாடலை எடுத்துக்கொண்டு மார்க்கெட் ரோட்டுக்குப் போனேன். நெரிசலில் நிறுத்தி உட்கார்ந்து பார்த்தேன். எனக்கே தலை சுற்றியது.

அந்த வண்டி நின்ற இடத்தில் குளிராது என்று எனக்குத் தெரியும் அக்கா. தெரிந்துதான் சொன்னேன். ஏன் என்று மட்டும் கேட்காதே. என்னால் சொல்ல முடியாது.

குட்டி

&nbsp;

மே 22

தெரிந்தே சொன்னாய்.

இந்த இரண்டு சொல்லைத்தான் இரண்டு நாளாக வாயில் போட்டு மென்றுகொண்டிருக்கிறேன். தெரியாமல் செய்தாய் என்றால் மடச்சி என்று திட்டிவிட்டு விட்டிருப்பேன். பணத்துக்குச் செய்தாய் என்றால்கூட, வயிற்றுப் பிழைப்பு என்று ஒரு நாள் மறந்திருப்பேன். நடு ரோட்டில் அவர் விழுவார் என்று உனக்கு முன்னாலேயே தெரியுமா? சின்ன வயசில் உன்னை இடுப்பில் தூக்கிக்கொண்டு திரிந்த கையால் எழுதுகிறேன்: எனக்குத் தங்கை இல்லை. பதில் போடாதே. வந்தாலும் பிரிக்க மாட்டேன்.

&nbsp;

ஜூன் 16

குட்டிக்கு,

எழுதக் கூடாது என்றுதான் இருந்தேன். ஆனால் ஜெயித்ததை யாரிடமாவது சொல்லாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. கார் சமாச்சாரம் புரிகிற ஆள் எனக்கு வேறு யாரும் இல்லை. இதைச் சமாதானம் என்று எடுத்துக்கொள்ளாதே.

சர்வீஸ் சென்டருக்கு வாரா வாரம் சனிக்கிழமை போனேன். கூட்டம் அதிகமாக இருக்கிற நேரமாகப் பார்த்துப் போவேன். புது வண்டிக்குப் பூமாலை போட்டுச் சாவி கொடுக்கிற இடத்துக்குப் பக்கத்தில் நின்று, உரத்த குரலில் "நின்னா குளிராத வண்டி இதுதாங்க" என்று ஆரம்பிப்பேன். தெர்மாமீட்டரைத் தூக்கிக் காட்டுவேன். டை கட்டிய பையன் என்னைப் பார்த்தாலே கழிவறைக்குப் போக ஆரம்பித்தான். கடைசியில் கம்பெனிக்கு எழுதிக் கேட்டு, என்ஜினுக்கு முன்னால் பெரிய ஃபேன் ஒன்று இலவசமாக வைத்துக் கொடுத்தார்கள். வண்டி நிற்கும்போதும் என்ஜின் கொஞ்சம் வேகமாகச் சுற்றுகிற மாதிரி திருகிவிட்டார்கள். கண்ணாடிக்கு வெயில் தடுக்கிற தாள் நானே ஒட்டினேன்.

நேற்று உச்சி வெயிலில் மேம்பாலத்துக்குக் கீழே, அதே சிக்னலில், வேண்டுமென்றே மூன்று சிக்னலை விட்டுவிட்டு நின்றேன். பின்னால் இருந்தவர்கள் என் பரம்பரையையே திட்டினார்கள். முள் அசையவில்லை. எனக்குக் குளிரில் தும்மல் வந்தது. காருக்குள் தனியாக உட்கார்ந்து பைத்தியம் மாதிரிச் சிரித்தேன்.

வீட்டுக்கு வந்து உன் அத்தானிடம் சொன்னால் "ஓஹோ" என்கிறார். அவ்வளவுதான். ஒரு சந்தோஷம் இல்லை. திங்கட்கிழமை வேலையில் சேருகிறார் என்று ஃபாக்டரிக்குச் சொல்லிவிட்டேன். அவருக்குப் புதுச் சட்டை எடுத்து அயர்ன் செய்து வைத்திருக்கிறேன்.

நீ கெடுத்ததை நான் சரி செய்துவிட்டேன். அவ்வளவுதான் விஷயம்.

அக்கா

&nbsp;

ஜூன் 23

குட்டிக்கு,

நலம் விசாரிக்கிற நிலையில் நான் இல்லை. நடந்ததை எழுதுகிறேன்.

நேற்றுக் காலை அவரை ஏற்றிக்கொண்டு கிளம்பினேன். வழியெல்லாம் நான்தான் பேசிக்கொண்டு வந்தேன். ஃபாக்டரி புகைக்குழாய் தெரிகிற திருப்பத்தில், "சூடா இருக்கு, வண்டியத் திருப்பு" என்றார். தெர்மாமீட்டரைப் பார்த்தேன். இறங்கித்தான் இருக்கிறது.

"எங்க சூடா இருக்கு? கையை வெச்சுப் பாருங்க."

"எனக்குச் சூடா இருக்கு."

கேட் வரை கொண்டுபோய்விட்டேன். வாட்ச்மேன் அடையாளம் தெரிந்து சிரித்துக்கொண்டே கேட்டைத் திறந்தார். "பாருங்க, எல்லாரும் காத்துக்கிட்டிருக்காங்க" என்று இவர் கையைப் பிடித்தேன். பனிக்கட்டியாக இருந்தது கை. பல் தந்தியடித்தது. அப்படி இருந்துகொண்டு மறுபடியும் "சூடா இருக்கு, தாங்க முடியல" என்கிறார்.

எனக்கு எங்கிருந்து வந்ததோ கோபம். "இன்னும் என்னதான் பண்ணணும்ங்கறீங்க? வண்டிக்குள்ள ஐஸ் மூட்டையா அடுக்கட்டுமா?" என்று கத்தினேன். அவர் என்னைப் பார்க்காமல், முன் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டு சொன்னார்:

"வண்டி சொல்லட்டும்னு விட்டேன். நீ வண்டியோட வாய அடைச்சிட்ட."

புரியவில்லை எனக்கு. அப்புறம்தான் சொன்னார். அந்த வேலைக்குப் போக அவருக்கு முதலிலிருந்தே இஷ்டமில்லையாம். ஸ்டோர் ஆபீஸ் ஜன்னலைத் திறந்தால் நேர் எதிரே பாய்லராம். அதே பாய்லர். கதவை மட்டும் மாற்றிவிட்டு அதையேதான் ஓட்டுகிறார்களாம். கூட வேலை பார்த்தவர் ஒருவர் வீட்டுக்கு வந்தபோது சொல்லியிருக்கிறார். "உன்கிட்ட சொல்ல எனக்கு வாய் வரல. குட்டிகிட்டதான் போன்ல சொன்னேன். நின்னா குளிராத வண்டியா ஒண்ணு சொல்லும்மா, வெயில்ல முடியலன்னு உங்க அக்காவே விட்டுடுவான்னேன். அவ மாட்டேன்னுதான் சொன்னா. நான்தான் சத்தியம் வாங்கினேன்."

நாலு மாசம், குட்டி. நாலு மாசம் ஊரில் இருக்கிற எல்லாரிடமும் சண்டை போட்டேன். உன்னைத் தங்கையே இல்லை என்று எழுதினேன். எல்லாம் இவர் ஒரு வார்த்தை சொல்லாததால். அந்தக் கேட்டுக்கு முன்னால் நான் போட்ட சத்தத்தில் வாட்ச்மேன் உள்ளே போய்விட்டார். இவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். வண்டியைத் திருப்பி வீட்டுக்கு வந்தேன். வந்ததும் அவர் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

அவர்தான் சொல்லவில்லை, நீயாவது சொல்லித் தொலைத்திருக்கக் கூடாதா? சத்தியமாம், பெரிய சத்தியம். என் திட்டை எல்லாம் வாங்கிக்கொண்டு ஏன் வாயை மூடிக்கொண்டிருந்தாய்? இதற்கு மட்டும் பதில் வேண்டும்.

அக்கா

&nbsp;

ஜூலை 1

அக்காவுக்கு,

நான் நலமாக இல்லை. இந்தத் தடவை உள்ளதையே எழுதுகிறேன்.

ஏன் சொல்லவில்லை என்று கேட்கிறாய். சொன்னால் நீ என்ன செய்திருப்பாய்? உன் கடிதத்தையே எடுத்துப் படித்துப் பார். ஒரு மனுஷன் கை சில்லிட்டுப் பல் தந்தியடிக்க உட்கார்ந்திருக்கிறார். அவரைப் பார்க்காமல் தெர்மாமீட்டரைப் பார்க்கிறாய். அவர் "தாங்க முடியல" என்கிறார். நீ ஐஸ் மூட்டை என்று கத்துகிறாய். இது நீயே எழுதியது, நான் கதை கட்டியது அல்ல.

நான் செய்தது தப்புதான். அவர் மயங்கி விழுவார் என்று நினைக்கவில்லை. வண்டி சூடாகும், நீ பயந்து திரும்பிவிடுவாய் என்று நினைத்தேன். டயர் கடைக்காரர் தண்ணீர் ஊற்றினார் என்று படித்த அன்று ஷோரூம் கழிவறையில் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். அன்று மாலையே அத்தானுக்குப் போன் செய்து, "நீங்களே சொல்லிடுங்க, என்னால முடியாது" என்று கெஞ்சினேன். "இன்னும் கொஞ்ச நாள் பொறும்மா" என்றார். ஒவ்வொரு தடவையும் அதையேதான் சொன்னார். உனக்கு எழுதிய முதல் கடிதத்திலேயே அவர் வாயால் என்ன சொன்னார் என்று கேட்டேனே, நீ ஒரு நாளாவது அவரிடம் உட்கார்ந்து கேட்டாயா?

நீ கெட்டவள் இல்லை அக்கா. எங்களுக்காக நீ சண்டை போடாத இடம் இல்லை. ஆனால் யாருக்கு என்ன வேண்டும் என்று நீயே முடிவு செய்துகொண்டு, அதற்காக ஊரோடு மல்லுக்கு நிற்பாய். நிற்கிற உன்னைப் பார்த்து "எனக்கு இது வேண்டாம்" என்று யாருக்குச் சொல்ல வரும்? நான் படிப்பை விட்டதைச் சொல்ல முடியாமல், பையைத் தூக்கிக்கொண்டு தினம் காலையில் கிளம்பிப் போய் பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்திருந்தேனே, மறந்துவிட்டதா? அப்போதும் நீ கேட்டது, "ஏண்டி என்கிட்ட சொல்லல?" என்றுதான்.

உன்னிடம் ஒரு "மாட்டேன்" சொல்ல ஒரு மனுஷன் கார் வாங்க வேண்டியிருந்தது. யார்மேல் கோபப்பட வேண்டும் என்று நீயே யோசி. எனக்கு அலுத்துவிட்டது.

குட்டி

&nbsp;

ஜூலை 10

குட்டிக்கு,

நான் நலம். நீ நலமா? இந்தத் தடவை முறைக்குக் கேட்கவில்லை.

உன் கடிதத்தைப் படித்ததும் கிழிக்கத்தான் எடுத்தேன். இவ்வளவு பேச எங்கே கற்றுக்கொண்டாள் இவள் என்று ஆத்திரமாக வந்தது. மருந்துக்கடையில் அன்று வந்த எல்லாரிடமும் எரிந்து விழுந்தேன். இருமல் மருந்து கேட்டவரிடம் "ஏன் இருமறீங்க?" என்று கேட்டேனாம். முதலாளி என்னைச் சீக்கிரம் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்.

வீட்டுக்கு வந்தால் உன் அத்தான் வழக்கம்போலக் கட்டிலில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். நான் எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். "அந்த வேலை உங்களுக்கு வேண்டாமா?" என்று கேட்டேன். கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டேன். எவ்வளவு கஷ்டம் தெரியுமா குட்டி? சம்பளத்துக்கு என்ன செய்வது, வண்டிக் கடனை எப்படி அடைப்பது என்று ஆயிரம் கேள்வி நாக்கு நுனியில் வந்து நிற்கிறது. பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அடுத்து நான் ஏதாவது கத்துவேன் என்று அவர் வெகுநேரம் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பார்வைதான் எனக்குத் தாங்கவில்லை. இத்தனை வருஷமும் இப்படிப் பார்த்துவிட்டுத்தான் ஒவ்வொன்றையும் விழுங்கியிருக்கிறார் போலிருக்கிறது.

அப்புறம் "வேண்டாம்" என்றார்.

நான் எழுந்துபோய்ப் பேனாவும் காகிதமும் எடுத்துவந்து, "அதே பாய்லரை ஓட்டும் இடத்துக்கு என் கணவரை அனுப்பமாட்டேன்" என்று ஃபாக்டரிக்கு எழுத ஆரம்பித்தேன். கை பழக்கம். அவர் காகிதத்தை என்னிடமிருந்து வாங்கி, திருப்பிப் போட்டு, வளையாத விரல்களால் அவரே எழுதினார்: "எனக்கு அங்கே வேலை செய்ய விருப்பமில்லை." ஒரே வரி. கையெழுத்தும் போட்டார். நேற்று நானே கொண்டுபோய்ப் பர்சனல் ஆபீஸரிடம் கொடுத்தேன். அந்தப் பாய்லரைப் பற்றி அவரிடம் நான் கேட்டதை எல்லாம் எழுதினால் இந்தக் கடிதம் தாங்காது. அங்கே கத்தினேன். அங்கே கத்தலாம் என்று நினைக்கிறேன், நீ என்ன சொல்கிறாய்?

இனி வீடு எப்படி ஓடும் என்று எனக்குத் தெரியவில்லை. உன்மேல் கோபம் முழுசாகப் போகவும் இல்லை. அடுத்த தடவை யார் சத்தியம் கேட்டாலும் முடியாது என்று சொல்லு. நான் எழுதிய "தங்கை இல்லை" கடிதத்தைக் கிழித்துப் போட்டுவிடு.

இன்னும் எழுத நிறைய இருந்தது. ஆனால் உள்ளேயிருந்து உன் அத்தான் கூப்பிடுகிறார். "அன்னிக்குக் காலையில பாய்லர்கிட்ட என்ன நடந்ததுன்னா..." என்று ஆரம்பித்திருக்கிறார். அந்த நாளைப் பற்றி இதுவரை யாரிடமும் அவர் வாயைத் திறந்ததில்லை. நான் கேட்கப் போகிறேன்.

அக்கா